டிவியில் சப்டைட்டில் வரவில்லை, வந்தாலும் படிக்க முடியவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரங்கூனிலோ மோல்மீனிலோ ஒரு தமிழ் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்க உட்கார்ந்தால், ஆளுக்கொரு எழுத்து தேவைப்படுகிறது. காது சரியாகக் கேட்காத தாத்தாவுக்குத் தமிழ் எழுத்து ஓட வேண்டும். பர்மியப் பள்ளியில் படித்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சு புரிந்தாலும், வேகமான வசனத்துக்குப் பர்மிய எழுத்து இருந்தால்தான் கதை முழுசாகப் பிடிபடும். ஆங்கில சப்டைட்டிலோடு வந்த படத்தை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. இந்த மூன்று மொழியும் திரையில் ஒழுங்காக வரவேண்டும் என்றால், எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பொத்தானையும் அமுக்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: திரையில் அந்த எழுத்தை வரைவது யார்? நான்கு பேரில் ஒருவராகத்தான் இருக்க முடியும். படத்தோடு படமாக எழுத்து பதிந்தே வந்திருக்கலாம். டிஷ் பெட்டியோ டிவிடி பிளேயரோ வரைந்து அனுப்பலாம். பென் டிரைவை டிவியிலேயே செருகியிருந்தால் டிவி வரையும். யூடியூப் போன்ற ஆப்பில் பார்த்தால் அந்த ஆப் வரையும். வரைபவரின் மெனுவில்தான் மாற்றம் செய்ய முடியும். டிஷ் பெட்டி வரையும் எழுத்தை டிவி ரிமோட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பாதிப் புகார்களுக்குக் காரணம், தவறான ரிமோட்டைக் கையில் வைத்திருப்பதுதான்.

படத்தோடு பதிந்த எழுத்தா என்று பார்க்க எளிய வழி, படத்தை வேகமாக முன்னோக்கி ஓட்டுவது. பதிந்த எழுத்து படத்தோடு சேர்ந்து ஓடும். தனியாக வரையப்படும் எழுத்து, வேகமாக ஓட்டும்போது பெரும்பாலும் மறைந்துவிடும்.

சிசி பொத்தானை அமுக்கியும் ஒன்றுமே வரவில்லை

டிஷ் பெட்டியோ ஆண்ட்ராய்டு பெட்டியோ எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைந்திருக்கிறதா? அப்படியானால் டிவி ரிமோட்டின் சிசி பொத்தான் (காது கேளாதோருக்காக வரும் ‘குளோஸ்டு கேப்ஷன்’ எழுத்தைக் காட்டுவது) வேலை செய்யாது. எச்டிஎம்ஐ வழியே டிவிக்கு வருவது படமும் ஒலியும்தான். சப்டைட்டில் தகவல் தனியாக அதில் பயணிப்பதில்லை. பெட்டியின் ரிமோட்டை எடுத்து, அதன் அமைப்புகளில் மொழி அல்லது சப்டைட்டில் பகுதியைத் திறந்து, அங்கே ‘ஆன்’ செய்யுங்கள். விருப்ப மொழி என்று இரண்டு இடம் கேட்டால், முதலாவதில் வேண்டிய மொழியையும் இரண்டாவதில் ஆங்கிலத்தையும் வையுங்கள். முதல் மொழி வராத நிகழ்ச்சியில் இரண்டாவது தானாக வரும்.

பெட்டியில் ஆன் செய்தும் வரவில்லை என்றால், சேனல்காரர்களே அனுப்பவில்லை என்று பொருள். டிஷ்ஷில் கிடைக்கும் தமிழ்ச் சேனல்களில் பெரும்பாலானவை சப்டைட்டிலைத் தனியாக அனுப்புவதில்லை. அனுப்பாததை எந்தப் பெட்டியாலும் காட்ட முடியாது. சோதித்துப் பார்க்க, சப்டைட்டில் இருக்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் ஆங்கிலப் படச் சேனலை வைத்துப் பாருங்கள். அங்கே வந்தால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

உள்ளூர்ச் சேனல்களில் கொரியத் தொடர்களுக்கு ஓடும் பர்மிய எழுத்து படத்தோடு பதிந்தே வருவது. அதைக் கண்டு "இது மட்டும் வருகிறதே, தமிழ் ஏன் வரவில்லை" என்று பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

பழைய டிவியில் சிசி பொத்தான் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பர்மாவின் பழைய அனலாக் ஒளிபரப்பு, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி முறையில் நடந்தது. அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டப்படி, 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் சிசி எழுத்தைப் பிரித்துக் காட்டும் பகுதி கட்டாயமானது. அந்தச் சந்தைக்காகச் செய்த டிவிகள் இங்கேயும் வந்ததால் பொத்தானும் கூடவே வந்தது. அந்த முறையில் எழுத்து, படத்தின் 21-ஆவது கோட்டில் ஒளிந்து வரும். இப்போதைய டிவிபி-டி2 டிஜிட்டல் ஒளிபரப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே ஓர் இடத்தில் அந்தப் பொத்தான் இன்னும் உதவும்: அமெரிக்க டிவிடிகளில் சில, சப்டைட்டில் இல்லாமல் சிசி மட்டும் கொண்டவை. அவற்றை எச்டிஎம்ஐயில் போட்டால் எழுத்து வராது. மஞ்சள் நிற ஏவி கேபிளில் இணைத்து, டிவியின் சிசியை ஆன் செய்தால் வரும்.

டிவிடியில் அட்டையில் ‘சப்டைட்டில் உண்டு’ என்று இருக்கிறது, திரையில் இல்லை

பிளேயர் ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை ஒவ்வொரு முறையும் அமுக்கும்போது, திரையின் மூலையில் 1/2, 2/2 என்று எண் வருகிறதா பாருங்கள். எண் வந்தால் மொழிகளை மாற்றிப் பார்க்கலாம். தடை அடையாளம் மட்டும் வந்தால் அந்தத் தட்டில் சப்டைட்டில் இல்லை. டிவிடி முறையில் 32 சப்டைட்டில் வரை வைக்கலாம். ஆனால் நகல் எடுப்பவர்கள் இடம் மிச்சம் பிடிக்க அவற்றை வெட்டிவிடுவது வழக்கம், அட்டை மட்டும் பழையதாகவே இருக்கும். விசிடியில் ஆன், ஆஃப் செய்யும் சப்டைட்டிலை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே பார்க்கும் எழுத்தெல்லாம் படத்தில் பதிந்தது, அணைக்கவும் முடியாது.

பென் டிரைவில் படம் ஓடுகிறது, சப்டைட்டில் ஃபைலை டிவி கண்டுகொள்ளவில்லை

பெயரைப் பாருங்கள். படத்தின் பெயரும் சப்டைட்டிலின் பெயரும் கடைசிப் புள்ளிக்கு முன்னால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இடைவெளி கூடக்குறைய இருந்தாலும் பல டிவிகள் ஏற்காது. இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். பெயரைச் சிறியதாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பது நல்லது. தமிழிலோ பர்மிய எழுத்திலோ ஃபைலுக்குப் பெயர் வைத்தால் சில டிவிகள் அந்த ஃபைலையே காட்டாது.

விண்டோஸில் பெயர் மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ஃபைலின் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கும். நோட்பேடில் சேமித்த ஃபைல் உங்கள் கண்ணுக்கு எஸ்ஆர்டி (.srt) என்னும் சப்டைட்டில் ஃபைலாகத் தெரியும், உண்மையில் அதன் வாலில் டிஎக்ஸ்டி (.txt) ஒட்டியிருக்கும். ஃபோல்டர் சாளரத்தின் ‘வியூ’ பகுதியில் பின்னொட்டைக் காட்டும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பிறகு பெயரைத் திருத்துங்கள்.

ஃபைலின் உள்ளும் பார்க்க வேண்டும். எஸ்ஆர்டி என்பது வெறும் எழுத்து ஃபைல்தான். ஒரு துண்டு இப்படி இருக்கும்:

1
00:00:41,200 --> 00:00:43,900
எங்கே போயிட்டு வர்ற?

மேலே வரிசை எண், அடுத்து தொடக்க நேரமும் முடியும் நேரமும், கீழே வசனம், அதன் பின் ஒரு வெற்று வரி. நொடிக்கும் மில்லி நொடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி. அந்த இடத்தில் புள்ளி இருந்தாலோ, வெற்று வரி விட்டுப்போனாலோ, கண்டிப்பான டிவிகள் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடும். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு அதற்குப் பிறகு ஒன்றுமே வராத ஃபைலைப் பார்த்தால், நின்றுபோன இடத்தின் துண்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இந்தத் தவறு அங்கே இருக்கும்.

எம்கேவி படத்துக்குள்ளேயே சப்டைட்டில் அடங்கியிருந்து, டிவியின் பட்டியலில் பெயர் தெரிந்தும் எழுத்து வரவில்லை என்றால், அது புளூரேயிலிருந்து எடுத்த பட வடிவச் சப்டைட்டிலாக இருக்கலாம். பல டிவிகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதே படத்துக்கு எஸ்ஆர்டியைத் தனியாகத் தேடி வைப்பதுதான் குறைந்த வேலை.

பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட படம் அதில் ஏறாது. பெரிய படத்துக்கு எக்ஸ்ஃபேட் வேண்டும், உங்கள் டிவி அதைப் படிக்கிறதா என்று சிறிய ஃபைல் ஒன்றை வைத்து முதலில் பாருங்கள். மின்சாரம் போய் போய் வரும் ஊரில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகல் எடுக்கும் நடுவில் கரண்ட் போனால், படம் பாதி ஏறியிருக்கும், சப்டைட்டில் ஃபைல் பெயரளவில் இருக்கும், உள்ளே காலி. அளவைப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படத்தின் தமிழ் எஸ்ஆர்டி, நூறு கேபிக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். 0 கேபி என்றால் மறுபடி நகல் எடுக்க வேண்டும்.

கணினி இல்லாத வீட்டில் இதையெல்லாம் போனிலேயே செய்யலாம். ஓடிஜி இணைப்பியில் பென் டிரைவைச் செருகி, போனின் ஃபைல் மேலாளரில் பெயரை மாற்றி, முறைப்படி வெளியேற்றிவிட்டு உருவுங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் படிக்க முடியாத குப்பையாக வருகிறது

இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது. குப்பையில் பல வகை உண்டு, எந்த வகை என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும்: ஃபைலை யாரோ ஆன்சி என்னும் பழைய குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) சேமித்துவிட்டார்கள். அதில் தமிழுக்கோ பர்மிய எழுத்துக்கோ இடமே இல்லை, அதனால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிப் போனது. இது திரும்பாது. மூல ஃபைலை மறுபடி வாங்குவதைத் தவிர வழியில்லை.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ திரும்பத் திரும்ப வருகிறது, அதன் பக்கத்திலேயே வட்டத்துக்குள் ‘ஆர்’ அடையாளமும் வருகிறது: பயப்பட வேண்டாம், ஃபைல் நன்றாக இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட் உண்டு. டிவி அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து ஒரு குறியை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. டிவியின் சப்டைட்டில் மெனுவில் குறியேற்றம் அல்லது எழுத்துத் தொகுப்பு என்ற பகுதியைத் தேடி யூடிஎஃப்-8 அல்லது யூனிகோட் வையுங்கள். அப்படி ஒரு பகுதியே இல்லை என்றால், ஃபைலைக் கணினி நோட்பேடில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ போய், கீழே உள்ள பட்டியலில் பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்து சேமியுங்கள். அந்த பிஓஎம் என்பது ஃபைலின் தலையில் வைக்கும் சிறு அடையாளம். அதைக் கண்டதும் பல டிவிகள் சரியாகப் படித்துவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் வழக்கமாக பிஓஎம் இல்லாமல்தான் சேமிக்கிறது, ஆகவே நீங்களே தேர்ந்தாக வேண்டும்.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியும்: இது பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைல். அந்த எழுத்துரு இருந்த கணினியில் தமிழாகத் தெரியும், வேறெங்கும் தெரியாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஃபைல் முழுவதையும் அப்படியே ஒட்டி மாற்றாதீர்கள். நேர வரியில் உள்ள குறிகளும் தமிழ் எழுத்தாக மாறிவிடலாம். மாற்றிய பிறகு நேர வரிகள் பழையபடி இருக்கின்றனவா என்று மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் பாருங்கள்.

வெறும் கட்டங்கள்: குறியேற்றம் சரி, டிவிக்குள் அந்த மொழியின் எழுத்துரு இல்லை. டிவி மெனுவே தமிழில் கிடைக்கும் மாடல்களில் இந்தப் பிரச்சினை குறைவு. பர்மிய எழுத்துக்குத்தான் கட்டம் அதிகம் வருகிறது. டிவியில் எழுத்துருவை நாமாக ஏற்ற முடியாது, அதனால் ஆண்ட்ராய்டு பெட்டியில் விஎல்சி என்னும் இலவசப் பட பிளேயரைப் போட்டுப் பாருங்கள், அல்லது பின்னால் ‘பதிக்கும் முறை’யில் சொல்வதுபோல எழுத்தைப் படத்தில் பதித்துவிடுங்கள்.

பர்மிய எழுத்து பர்மிய எழுத்தாகவே தெரிகிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது

குறிகள் மிதக்கின்றன, புள்ளி வட்டங்கள் நடுவே வருகின்றன, அடுக்கெழுத்து அடுத்தடுத்து விழுகிறது என்றால் ஜோஜி என்னும் பழைய பர்மிய எழுத்துரு முறைக்கும் யூனிகோடுக்கும் நடந்த சண்டைதான். இரண்டும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்துகின்றன, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் மட்டும் வேறுபடுகின்றன. அதனால் குப்பையாகாமல், பாதி சரியாகவும் பாதி உடைந்தும் தெரியும். மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறியை ஜோஜி கண்ணுக்குத் தெரிகிறபடி முதலில் வைக்கும், யூனிகோட் ஒலிக்கிறபடி மெய்யெழுத்துக்குப் பின்னால் வைக்கும். தமிழில் ‘கெ’யின் கொம்பை யூனிகோட் வைப்பதும் இப்படித்தான்.

2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் செய்த பர்மிய சப்டைட்டில்களில் பெரும்பகுதி ஜோஜி. புதிய டிவியும் பெட்டியும் யூனிகோட். ஆகவே ஃபைலை நோட்பேடில் திறந்து, முழுவதையும் ராபிட் போன்ற மாற்றியில் ஒட்டி ஜோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நேர வரிகளில் இருப்பது சாதாரண எண்கள் என்பதால் இங்கே அவை கெடாது. ஏற்கெனவே யூனிகோடாக இருக்கும் ஃபைலை மறுபடி மாற்றினால் இருந்ததும் கெடும். எனவே மூல ஃபைலின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லா பர்மிய ஃபைலும் போனில் நன்றாகத் தெரிந்து, டிவியில் மட்டும் உடைகிறதா? அந்தப் போனில் ஜோஜி எழுத்துரு பழைய நாளிலிருந்தே உட்கார்ந்திருக்கலாம். போனை அளவுகோலாக வைக்காதீர்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த கணினியில் யூனிகோட் பர்மிய எழுத்துரு கூடவே வருகிறது, அதில் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழ் எழுத்து வருகிறது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன

‘கொடு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘க’ முதலில் நிற்கிறது, ஒற்றைக்கொம்பும் காலும் அதற்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு வரிசையாக விழுகின்றன. ‘பை’ என்பதில் ஐகாரக் குறி வலப்பக்கம் போய்விடுகிறது. டிவியில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோத்து இடம் மாற்றும் மென்பொருள்தான் இல்லை. குறியேற்றத்தை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது.

இரண்டு வழி. முதலாவது, எழுத்தை வேறொருவரை வரையச் செய்வது: ஆண்ட்ராய்டு பெட்டியில் விஎல்சி, இல்லாவிட்டால் மடிக்கணினியை எச்டிஎம்ஐயில் இணைத்து அதில் ஓட்டுவது. இரண்டாவது, ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் எழுத்தைப் படத்தில் பதித்துவிடுவது. தாத்தாவும் பாட்டியும் யார் உதவியும் இல்லாமல் பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டாவது வழியே சிறந்தது. எந்த டிவியிலும் எந்த மெனுவும் தேவைப்படாது.

பதிக்கும் முறை:

1. ஹேண்ட்பிரேக்கில் படத்தைத் திறந்து, சப்டைட்டில் பகுதியில் எஸ்ஆர்டி ஃபைலை இறக்குமதி செய்யுங்கள்.
2. எழுத்துக் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று வையுங்கள்.
3. ‘பர்ன் இன்’ கட்டத்தில் டிக் போடுங்கள். இதை மறந்தால் எழுத்து தனியாகவே போய்ச் சேரும், டிவியில் பழைய கோளாறு திரும்பும்.
4. தரத்துக்கு ஆர்எஃப் 20 முதல் 22 வரை போதும். எண் குறையக் குறைய ஃபைல் பெருக்கும்.
5. முழுப் படத்தையும் ஓட்டாமல், வசனம் நிறைந்த ஒரு நிமிடத்தை மட்டும், உதாரணமாக 600-ஆவது நொடியிலிருந்து 660-ஆவது நொடி வரை, எடுத்து டிவியில் போட்டுப் பாருங்கள். சரி என்றால் முழுவதையும் தொடங்குங்கள்.

முழுப் படத்துக்குச் சாதாரணக் கணினியில் மணிக்கணக்காகும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேட்டரி நல்ல மடிக்கணினியிலோ, இன்வெர்ட்டர் இணைப்பிலோ செய்யுங்கள். ஒருமுறை பதித்ததை அழிக்க முடியாது என்பதால் மூலப் படத்தையும் வைத்திருங்கள்.

எழுத்து முந்துகிறது அல்லது பிந்துகிறது

ஒரே இடத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் எத்தனை நொடி வித்தியாசம், கடைசிக் காட்சியில் எத்தனை நொடி வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணே நோயைச் சொல்லிவிடும்.

இரண்டு இடத்திலும் ஒரே வித்தியாசம் என்றால் முழு ஃபைலையும் அத்தனை நொடி தள்ளினால் போதும். கணினி விஎல்சியில் ஜி, எச் விசைகள் ஒவ்வொரு தட்டலுக்கும் 50 மில்லி நொடி நகர்த்தும். ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டும். நிரந்தரமாகத் திருத்த, சப்டைட்டில் எடிட் என்னும் இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ஒத்திசைவு மெனுவில் எல்லா நேரத்தையும் நகர்த்தும் பகுதிக்குப் போங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக வித்தியாசம் கூடினால் ஃபிரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) மாறியிருக்கிறது. நொடிக்கு 23.976 ஃபிரேம் படத்துக்குச் செய்த சப்டைட்டிலை 25 ஃபிரேம் படத்தோடு வைத்தால், ஒரு மணி நேரத்தில் எழுத்து ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்தும். மாற்றி வைத்தால் அதே அளவு முந்தும். 24-க்கும் 23.976-க்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடிதான், ஆனால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தின் முடிவில் அது 9 நொடியாகி எரிச்சலூட்டும். சப்டைட்டில் எடிட்டில் ஃபிரேம் வேகத்தை மாற்றும் பகுதியில், முதல் கட்டத்தில் சப்டைட்டிலின் வேகத்தையும் இரண்டாவதில் உங்கள் படத்தின் வேகத்தையும் கொடுங்கள். படத்தின் வேகம் விஎல்சியின் கோடெக் தகவலில் தெரியும்.

தமிழ்ப் படங்களில் மூன்றாவது வகை ஒன்று அடிக்கடி வருகிறது. ஒரு பாட்டு வர வேண்டிய இடம் வரை எல்லாம் சரி, அந்த இடத்திலிருந்து எழுத்து நான்கு நிமிடம் பிந்துகிறது. உங்கள் நகலில் அந்தப் பாட்டை வெட்டியிருக்கிறார்கள், சப்டைட்டில் முழுப் படத்துக்குச் செய்தது. ஃபிரேம் வேகத்தைத் தொடாதீர்கள், நன்றாக இருக்கும் முதல் பாதியும் கெடும். பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வசனத்தைத் தேர்ந்து, அதையும் அதற்குப் பின்வரும் வரிகளையும் மட்டும் முன்னே இழுங்கள். இன்னொரு பாட்டும் வெட்டப்பட்டிருந்தால் அங்கிருந்து மறுபடி இழுக்க வேண்டும். வெட்டு எங்கே என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் சில நிமிட வேலைதான்.

எழுத்து எப்போதும் அரை நொடிக்கும் குறைவாக முந்துகிறது, புளூடூத் ஸ்பீக்கர் போட்டிருக்கிறீர்கள் என்றால் பிந்துவது ஒலிதான். உதட்டசைவைப் பாருங்கள். அதுவும் ஒலியை முந்தினால் சப்டைட்டிலில் கை வைக்காமல், டிவியின் ஒலி தாமத அமைப்பைச் சரிசெய்யுங்கள் அல்லது ஸ்பீக்கரை வயரில் இணையுங்கள்.

நேரலைச் செய்தியில் எழுத்து சில நொடி பின்னால் வருவது இயல்பு. யாரோ கேட்டுக் கேட்டு அந்த நேரத்திலேயே இடுகிறார்கள், அல்லது கணினி இடுகிறது. அதைத் திருத்த உங்களிடம் எதுவுமில்லை.

கீழ் வரி பாதி வெட்டுப்படுகிறது

டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. பட அளவு மெனுவில் சாம்சங் என்றால் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்ஜி என்றால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனி என்றால் ‘ஃபுல் பிக்ஸல்’ வையுங்கள். ‘ஜூம்’ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கறுப்புப் பட்டை பிடிக்காமல் ஜூம் போடும் வீடுகளில் பதிந்த எழுத்துதான் முதலில் பலியாகிறது.

எழுத்து சிறியது, வெளிச்சக் காட்சியில் கரைந்துபோகிறது

பதிந்த எழுத்தையும், டிவிடி எழுத்தையும் பெரிதாக்க முடியாது, அவை படமாக வருபவை. எஸ்ஆர்டியையும் ஆப் எழுத்தையும் மாற்றலாம். ஆண்ட்ராய்டு டிவியில் அமைப்புகள், அணுகல்தன்மை, தலைப்புகள் என்று போனால் அளவு, நிறம், பின்னணி எல்லாம் கிடைக்கும். சாம்சங்கில் ஒலிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணுகல் குறுக்குவழிகள் திறக்கும். வயதானவர்களுக்கு மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்து, பின்னால் கறுப்புப் பட்டை, அளவு ‘பெரியது’. நிழல் மட்டும் வைத்த எழுத்து அழகாக இருக்கும், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் வரும் காட்சியில் படிக்க முடியாது. பட்டையே நல்லது.

பெரிதாக்கியதும் தமிழ் வரி மூன்றாக மடங்கிப் பாதி முகத்தை மறைத்தால், ஃபைலைத்தான் திருத்த வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், ஆங்கில வரிக்கான இடத்தில் அடங்காது. ஒரு துண்டுக்கு இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்துக்குள். ஒரு நொடிக்குக் குறைவாக நிற்கும் துண்டை யாராலும் படிக்க முடியாது. காது கேட்காத பெரியவருக்காகச் செய்கிறீர்கள் என்றால் பேச்சு மட்டும் போதாது. [கதவு தட்டும் ஓசை], [வெளியே மழை] என்று அடைப்புக்குறிக்குள் ஒலியையும் எழுதுங்கள். திரையில் இல்லாதவர் பேசினால் வரியின் தொடக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். மொழிபெயர்ப்பு சப்டைட்டிலில் இவை இருக்காது. அதனால்தான் ஆப்பில் ஒரே மொழி இரண்டு முறை பட்டியலில் வந்தால், சிசி என்று குறித்ததை அவருக்குத் தேர்ந்துகொடுக்க வேண்டும்.

இரண்டு சப்டைட்டில் ஒன்றின் மேல் ஒன்று

ஒன்று பதிந்தது, மற்றது நீங்கள் ஆன் செய்தது. உங்களுடையதை அணையுங்கள், இல்லையென்றால் அதன் இடத்தைத் திரையின் மேற்பகுதிக்கு நகர்த்துங்கள். விஎல்சியிலும் சில டிவிகளிலும் இடம் மாற்றலாம். கீழே பர்மிய எழுத்து பதிந்த படத்துக்கு மேலே தமிழ் ஓடவிட்டு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க இது வசதியான ஏற்பாடு.

யூடியூபில் சிசி மங்கலாக இருக்கிறது

அந்தக் காணொளிக்கு எழுத்து ஏற்றவில்லை. டிவியின் அணுகல் மெனுவில் ஆன் செய்வதால் எழுத்து பிறந்துவிடாது. சிசி தெளிவாக இருந்து, மொழிப் பட்டியலில் தமிழ் இல்லையென்றால் தானியங்கி மொழிபெயர்ப்பு இருக்கிறதா பாருங்கள். பொருள் பிடிபடும், வசனத்தின் சுவை இருக்காது. நெட்ஃபிளிக்ஸில் பட்டியல் சுருக்கமாக வந்தால் சுயவிவரத்தின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பாருங்கள். அது சில மொழிகளை மட்டுமே முன்னால் காட்டும்.

கரண்ட் போய் வந்ததும் அமைப்பு பழையபடி ஆகிவிடுகிறது

சில டிஷ் பெட்டிகள் ஸ்டாண்ட்பைக்குப் போகும்போதுதான் மாற்றங்களை நினைவில் எழுதுகின்றன. அமைப்பை மாற்றிய கையோடு ரிமோட்டால் ஒருமுறை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். அதன் பிறகு கரண்ட் போனாலும் மாற்றம் நிற்கும். அப்படியும் நிற்காவிட்டால் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள், புதுப்பிக்கும்போது கரண்ட் போகாத நேரமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். நடுவில் நின்ற புதுப்பிப்பு பெட்டியையே செயலிழக்கச் செய்துவிடும்.